ஃபிலிமின் மூலையில் ஒரு பெயர்

"மூச்ச இழுங்க. இழுத்துப் புடிங்க. ஆடாதீங்க."

சொல்வது விஜயகுமாரி. எதிரே ஆள் யாரும் இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம், சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேடு. சரிவு முழுக்கச் சீமைக்கருவேலம், தூரத்தில் இரண்டு புகைபோக்கிகள். அவர் லென்ஸின் மூடியைக் கழற்றுகிறார், உதட்டை அசைக்காமல் மூன்று எண்ணுகிறார், மூடுகிறார். "விட்டுருங்க" என்று மண்மேட்டுக்கு உத்தரவு கொடுத்துவிட்டுத் தானும் மூச்சு விடுகிறார்.

"மண்ணு எங்கம்மா மூச்சு விடப் போகுது?" என்று கேட்டேன்.

"வாய்க்குப் பழகிப்போச்சு சார். இருவத்திமூணு வருசமா வர்றவங்களுக்கெல்லாம் இதத்தான சொல்லிக்கினு இருக்கன். மேட்டுக்கு ஒரு தடவ சொன்னா கொறஞ்சா பூடுவன்?"

விஜயகுமாரிக்கு நாற்பத்தாறு வயது. வடலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறார். காலை ஏழு மணிக்கு நீல மேல்கோட்டு. இரண்டு மணிக்கு அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மொபெட்டை எடுத்தால், பின் சீட்டில் சைக்கிள் டியூபால் வரிந்து கட்டிய ஒரு மரப்பெட்டியோடு நெய்வேலியைச் சுற்றியுள்ள ஏதாவதொரு ஊரில் இருப்பார். ஊர்க்காரர்கள் 'எக்ஸ்ரேக்கார அம்மா' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். காது கேட்காதவர் போல மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார். "விஜயகுமாரி" என்று கூப்பிட்ட பிறகுதான் "சொல்லுங்க" வரும். கர்வம் பிடித்தவர் என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த மரப்பெட்டிதான் கேமரா. முத்தாண்டிக்குப்பத்தில் கதவு, ஜன்னல் செய்யும் ஆசாரி பலாப்பலகையில் இழைத்துக் கொடுத்தது. துருத்தி, ஆட்டோவுக்குச் சீட்டு தைக்கிறவர் கறுப்பு ரெக்சினில் மடித்துத் தைத்தது. லென்ஸ், விருத்தாசலத்தில் மூடிப்போன ஓர் அச்சகத்தில் பிளேட் எடுக்கிற கருவியிலிருந்து கழற்றியது. சாதாரண கேமரா மாதிரி சுருள் ஃபிலிம் கிடையாது. எட்டங்குலத்துக்குப் பத்தங்குலத்தில் ஒரே ஒரு தாள். ஒரு படத்துக்கு ஒரு தாள், அதுவும் எக்ஸ்ரே ஃபிலிம். 2019-இல் சென்டரில் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது, தேதி முடிந்த அறுபத்தொரு பெட்டி ஃபிலிமைக் குப்பையில் போடச் சொன்னார்கள். விஜயகுமாரி நான்கு நடையாக வீட்டுக்குக் கொண்டுபோய், ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குக் கீழே அடுக்கிவிட்டார். தக்காளி இன்றைக்கும் வெளியில்தான் அழுகுகிறது. வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

கேமராவுக்கு முக்காலி வேண்டுமே. மந்தாரக்குப்பத்துப் பழைய இரும்புக் கடையில் மஞ்சள் பெயின்ட் அடித்த முக்காலி ஒன்று கிடந்தது. சுரங்கத்துக்கு நிலம் எடுக்க அளக்கிறவர்கள் வைத்திருந்தது. சந்தோஷமாக வாங்கி வந்துவிட்டார். மஞ்சள் முக்காலியைப் பார்த்தால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு என்ன தோன்றும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. முதல் நாள், முந்திரிக்காட்டு ஓரம் ஒரு சின்ன ஊரில் அதை நட்டு நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெளியே எடுக்கும்போது சுற்றிலும் முப்பது பேர். ஒருவர் கையில் பத்திரம், ஒருவர் கையில் பட்டா, ஒரு பெண்மணி கையில் விளக்குமாறு. "அளக்கறதுன்னா மொதல்ல எங்கள கேட்டுட்டு அள" என்று அந்தப் பெண்மணி முக்காலியின் ஒரு காலைப் பிடுங்கியே விட்டார்.

"நான் அளக்க வர்லம்மா. நீயே உள்ள வந்து பாரு" என்று விஜயகுமாரி அவரைத் துணிக்குள் இழுத்துக்கொண்டார். உள்ளே மங்கலான கண்ணாடித் தகட்டில் ஊர் தலைகீழாகத் தொங்கியது. முந்திரி மரம் மேலிருந்து கீழே வளர்ந்திருந்தது. அந்தப் பெண்மணி நெடுநேரம் வெளியே வரவில்லையாம். அன்றிலிருந்து ஒரு வழக்கம். யார் படம் எடுத்துக்கொள்ள வந்தாலும் முதலில் அவர் துணிக்குள் போய்ப் பார்க்க வேண்டும், பிறகுதான் அவரை இவர் பார்ப்பார்.

உட்கார வைத்ததும் கையில் ஒரு துண்டு பட்டர் பேப்பரைக் கொடுப்பார், கறுப்பு மைப் பேனாவோடு. "பேரு, வயசு, தேதி. எழுதத் தெரிஞ்சா நீங்களே எழுதுங்க." அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய், குளியலறையில் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் ஃபிலிமின் வலது கீழ் மூலையில் வைத்து, அந்த இடத்துக்கு மட்டும் ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் காட்டுவார். பிறகு கழுவினால் முகமும் பெயரும் ஒரே தாளில் எழும்பி வரும். அதை இன்னொரு எக்ஸ்ரே ஃபிலிமில் பிரதி எடுத்து, படத்துக்கு உட்கார்ந்தவரிடம் கொடுத்துவிடுவார். காகிதப் படம் போல அதைச் சுவரில் மாட்டினால் ஒன்றும் தெரியாது, ஜன்னலில்தான் மாட்ட வேண்டும். வெயில் வரும்போது முகம் வரும். நெய்வேலியைச் சுற்றி நூற்று நாற்பது ஜன்னல்களில் இப்படி மனிதர்கள் தொங்குகிறார்கள். இந்த ஃபிலிமுக்கு இரண்டு பக்கமும் மருந்து பூசியிருக்கும், எது முன் எது பின் என்று பார்த்துச் சொல்ல முடியாது. மூலையில் இருக்கும் பெயரை நேராகப் படிக்க முடிந்தால் படம் நேர். அவ்வளவுதான் கணக்கு.

மண்மேட்டுக்கும் இதே சடங்கு உண்டு. அக்கம்பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்களை விசாரித்து, பெயர் என்ன, வயது என்ன என்று கேட்டுத்தான் எடுப்பார். அவர் வீட்டில் ஒரு தாளின் மூலையில் 'கெழக்கு மேடு, வயசு 31' என்று இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

ஏன் இத்தனை பிடிவாதம் என்று ஒரு நாள் கேட்டேன். மொபெட்டின் கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்துவிட்டுச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிது, வேறு ஊர், வேறு சென்டர். அந்தக் காலத்தில் எக்ஸ்ரேயில் பெயர் விழுவதற்கு, ஈயத்தில் வெட்டிய இங்கிலீஷ் எழுத்துகளைப் பொறுக்கி ஃபிலிம் பெட்டிமேல் அடுக்க வேண்டும். அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது. பழனிசாமி என்று ஒருவர், பன்னீர்செல்வம் என்று ஒருவர், இரண்டு பேருக்கும் நெஞ்சுப் படம். பொறுக்க நேரமில்லாமல் இரண்டிலும் முதலெழுத்தை மட்டும் வைத்து எடுத்துவிட்டார். படங்கள் கவர் மாறிப் போயின. ஒன்றுமில்லாத பழனிசாமி நாற்பது நாள் காசநோய் மாத்திரை விழுங்கினார். நோய் இருந்த பன்னீர்செல்வம், "உனக்கு ஒண்ணுமில்ல போ" என்று டாக்டர் சொன்னதை நம்பி முந்திரி உடைக்கப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து இரத்தமாகத் துப்பிக்கொண்டு வந்தபோது, பழைய படத்தை எடுத்துப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்ததும் விஜயகுமாரிதான், டாக்டரிடம் போய்ச் சொன்னதும் அவர்தான். வேலை போயிற்று. பன்னீர்செல்வம் பிழைத்தார், ஆனால் முழு மூச்சு திரும்பவில்லை.

"பேரு இல்லாத படம் யாரு மேல வேணா போயி ஒக்காந்துக்கும் சார்" என்றார்.

இப்போது வீரம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது ஐம்பத்திரண்டு. ஊருக்கு வெளியே ஒரு தனியார் பட்டறையில் சாம்பல் செங்கல் அடுக்குகிறார், பத்தொன்பது வருடமாக. புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அந்தப் பட்டறையின் வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் 'கலியன் சம்சாரம்'. கலியன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது, பதிவேட்டில் இன்னும் அவர் சம்சாரம்தான். எழுதுகிற மேஸ்திரிக்கு அந்த அம்மாளின் பெயரைக் கேட்கப் பத்தொன்பது வருடத்தில் ஒரு நிமிடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

படத்துக்கு உட்கார்ந்தபோது வீரம்மாளும், "கலியன் சம்சாரம்னு போட்டுக்க விஜயா, அப்பத்தான் நாலு பேருக்குத் தெரியும்" என்றாராம்.

"படம் கலியனுக்கா, ஒனக்காக்கா?"

"அவுரு எங்க வரப்போறாரு. எனக்குத்தான்."

"அப்ப ஒன் பேர எழுது."

அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்து. பல வருடமாகப் பயன்படாமல் கிடந்தது. 'ம்'மில் புள்ளியை மறந்து, பிறகு ஞாபகம் வந்து வைத்து, நான்கு துண்டு பட்டர் பேப்பர் வீணாகி, ஐந்தாவதில் 'வீரம்மாள்' வந்தது. அந்தப் படம் அவர் வீட்டுச் சமையல்கட்டு ஜன்னலில் தொங்குகிறது. நான் போயிருந்தபோது, விரலை முகத்தில் வைக்காமல் மூலையில் வைத்துக் காட்டினார். "இது நான் எழுதனது சார்."

இதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கு இருக்கிறது. சென்னையில் ஒரு கலைக்கூடம். அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை, காரணம் போகப் போகத் தெரியும். அங்கே கண்காட்சிகள் தொகுக்கிற விஷ்ணு என்ற இளைஞர் நெய்வேலிக்கு வந்திருந்தபோது, விஜயகுமாரி வீட்டுக்கு அழைத்துப் போனவன் நான்தான். மரியாதையான பையன். படங்களைப் பார்த்துக் கண் கலங்கினார். துணிக்குள் போய்ப் பார்த்தார். இருபத்திரண்டு தாள்களைக் கண்காட்சிக்கு என்று கேட்டு, பருத்தித் துணியில் சுற்றி எடுத்துப் போனார். விஜயகுமாரி ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். "மூலைய மறைக்காதீங்க தம்பி." "சத்தியமா இல்ல மேடம்" என்றார் அவர்.

போன ஆடி மாதம், வீரம்மாளின் மகள் இசைப்பிரியா சென்னையிலிருந்து விஜயகுமாரியின் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். அங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை செய்பவள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எதிர்க் கட்டடத்துக் கண்ணாடிக் கதவுக்குள் ஆறடி உயரத்துக்குத் தன் அம்மாவைப் பார்த்திருக்கிறாள். படத்துக்குக் கீழே பெயர் இல்லை. மூலையையே வெட்டிவிட்டிருந்தார்கள். 'எண் 1' என்று மட்டும் ஒரு சீட்டு. கண்காட்சிக்குத் தலைப்பு வைத்திருந்தார்கள்: பெயரற்றவர்கள்.

எனக்கு அப்போது வந்த கோபம் இதை எழுதும்போதும் இறங்கவில்லை. பெயர் இருந்தது ஐயா. மையில், அவரவர் கையெழுத்தில், வயதும் தேதியும் சேர்த்து இருந்தது. இருபத்திரண்டு பேர் எழுதிக் கொடுத்த பெயரைக் கத்தரியால் வெட்டி எறிந்துவிட்டு, ஐயோ பாவம் இவர்களுக்குப் பெயரே இல்லையே என்று உருகுவதற்கு ஒரு கூடம், அதற்குக் குளிர்சாதனம், திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு. மேஸ்திரியாவது சோம்பேறி. இவர்கள் சிரமப்பட்டு அழித்திருக்கிறார்கள். அவர்கள் கூடத்தின் பெயரை நான் எழுதாமல் விடுவதும் இதனால்தான். அவர்களும் கொஞ்ச நேரம் பெயரில்லாமல் இருந்து பார்க்கட்டும்.

விஜயகுமாரி கத்தவில்லை. சென்டரில் ஒரு நாள் லீவு சொன்னார். வீரம்மாள் பட்டறையில் சொல்லாமலே வந்தார். வடலூரில் காலை ஐந்தரை மணி பஸ், நானும் கூடப் போனேன். வீரம்மாள் நல்ல புடவை கட்டி, அதன்மேல் படத்தில் போட்டிருந்த அதே சட்டையை மாட்டியிருந்தார். "அப்பத்தான் அடையாளம் தெரியும்" என்றார். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாளிடம், "என் போட்டோ பெருசா வச்சிருக்காங்களாம், பாக்கப் போறன்" என்று இரண்டு தடவை சொன்னார். பெயர் இல்லை என்பதை அவரிடம் விஜயகுமாரி சொல்லிவிட்டிருந்தார். "போயி கேட்டா எழுதிடுவாங்க. மறந்துருப்பாங்க" என்பதுதான் வீரம்மாளின் கட்சி.

கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் அவரே ஆறடி உயரத்தில் நின்றார். சாம்பல் தூசி ஒட்டிய இமை மயிர்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த கழுத்து நரம்பு தெரிந்தது. கேமரா அப்படிப்பட்டது. வீரம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டார்.

"கண்ணாடில பாக்கற மாரியே இருக்குது விஜயா."

விஜயகுமாரியின் முகம் அப்போதுதான் மாறியது. சட்டைப் பை வலது பக்கம் இருந்தது. தழும்பு வலது புருவத்தில் இருந்தது. மூலையை வெட்டியதால் முன் எது பின் எது என்று தெரியாமல், படத்தைப் புரட்டிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். இத்தனை நாளில் வந்து பார்த்த ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

"கண்ணாடில பாக்கறதுக்கு மெட்ராஸுக்கு வரணுமாக்கா?" என்றார் விஜயகுமாரி.

காதில் வளையம் போட்ட இரண்டு பெண்கள் எங்களைத் தாண்டி வந்து படத்தின் முன் நின்றார்கள். "எவ்ளோ வலி அந்தக் கண்ல" என்றாள் ஒருத்தி. வீரம்மாள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர்கள் கொஞ்சம் வழிவிடச் சொல்லிவிட்டு, படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். வலி எல்லாம் ஒன்றுமில்லை, மூச்சு விடலாமா கூடாதா என்ற யோசனைதான் அது என்று அவர்களிடம் யார் சொல்வது.

விஷ்ணு ஓடிவந்தார். தண்ணீர் பாட்டில் கொடுத்தார், நாற்காலி போடச் சொன்னார். எல்லாம் முறையாகத்தான் செய்தார்.

"பேரு எங்க தம்பி?" என்றார் விஜயகுமாரி.

"மேடம், நான் விளக்கமா சொல்றேன். பேர் போட்டா அது ஒரு தனி ஆளோட கதையாயிடும். பேர் இல்லன்னாதான் பாக்கறவங்க அதுல எல்லாத் தொழிலாளியையும் பாப்பாங்க."

"எல்லாத் தொழிலாளியும் அன்னிக்கி என் முன்னால வந்து ஒக்காரலியே. இந்தக்காதான் ஒக்காந்துது."

"கரெக்ட்தான். அதோட அந்தக் கட்டம் கொஞ்சம் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி இருந்தது. டிசைன்ல ஒத்துவரல. அடுத்து புத்தகமா வருது மேடம், கடைசிப் பக்கத்துல எல்லார் பேரையும் லிஸ்ட்டா கொடுத்துடலாம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வீரம்மாள் முந்திக்கொண்டார். கோபமில்லாத, பட்டறையில் மேஸ்திரியிடம் பேசுகிற குரல்.

"அந்த எழுத்து நான் எழுதனதுப்பா. அஞ்சு தடவ எழுதிப் பாத்து எழுதனது. அத மட்டுமாவது வச்சிருக்கலாம்."

விஷ்ணு தலையாட்டினார். "புரியுதும்மா" என்றார். வீரம்மாள் படத்தைப் பார்க்காமல், விஷ்ணு போடச் சொன்ன நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வாசல் பக்கம் பார்த்தபடி, "அடுத்த பஸ்சு எப்ப விஜயா?" என்றார்.

விஜயகுமாரி வாசலுக்கு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சுவரில் கறுப்பு ஸ்டிக்கர் எழுத்தில் பெரிதாகத் தலைப்பு. அதன் கீழே, 'ஒளிப்படங்கள்: விஜயகுமாரி'. அதற்குக் கீழே, 'தொகுப்பு: விஷ்ணு'.

நேராக நடந்துபோய்த் தன் பெயரின் முதல் எழுத்தை நகத்தால் சுரண்டினார். நல்ல பசை, சுலபத்தில் வரவில்லை. ஓரத்தை நெம்பி, இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். 'வி' வந்தது. 'ஜ' பாதியில் கிழிந்தது, மீதியையும் விடாமல் எடுத்தார். கைப்பேசியை நீட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவலுக்கு நின்றவர் விஷ்ணுவைப் பார்த்தார். விஷ்ணு, "மேடம், மேடம், உங்க பேரு மேடம் அது" என்று பின்னாலேயே வந்தார்.

கடைசி எழுத்தும் வந்த பிறகு சுவரில் அந்த இடம் மட்டும் சொரசொரவென்று இருந்தது. விஜயகுமாரி எழுத்துகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு, திரும்பாமலே கேட்டார்.

"வீரம்மாள் பேர எப்ப போடுவீங்க தம்பி?"

"பாக்கலாம் மேடம். டீம்ல பேசிட்டுச் சொல்றேன்."

விஜயகுமாரி கொஞ்சம் குனிந்து, அடுத்த வரியில் 'விஷ்ணு'வின் முதல் எழுத்துக்கு அடியில் நகத்தைக் கொடுத்து நெம்பினார்.